ஸ்டீவ் ஆல்பினி ராயல்டியே வேண்டாம்னது கொள்கையா, ஏமாளித்தனமா?

பழைய_கேசட்:
நேத்து ராத்திரி தூக்கம் வரல, நிர்வானாங்கற அமெரிக்க ராக் பேண்டோட 'இன் யுட்டரோ' ஆல்பத்த ஹெட்போன் மாட்டி முழுசா கேட்டேன். டிரம்ஸ் என்னவோ பக்கத்து ரூம்ல யாரோ அடிக்கிற மாதிரியே இருக்கு. யாருடா ரெக்கார்ட் பண்ணதுன்னு தேடினா ஸ்டீவ் ஆல்பினி, மனுஷன் ஒரே தடவையா ஒரு லட்சம் டாலர் வாங்கிட்டு ராயல்டி, அதாவது விக்கிற ஒவ்வொரு காப்பிக்கும் வர்ற பங்கு, ஒரு பைசா வேண்டாம்னுட்டாராம். இன்னிக்கு வரைக்கும் வித்துக்கிட்டிருக்க ஆல்பம்ங்க அது! 2024ல அவர் இறந்தப்பதான் பேரையே கேள்விப்பட்டேன், திட்டாதீங்க.

வினைல்_மாமா:
ஏமாளியா, கணக்குல புலிப்பா அந்தாளு. 1993ல 'பாஃப்ளர்' பத்திரிகைல ஒரு கட்டுரை எழுதினாரு, பெரிய லேபிள்ல, அதாவது ரெக்கார்ட் கம்பெனில, சைன் பண்ற ஒரு பேண்டுக்கு மளிகைக் கணக்கு மாதிரி வரவு செலவு போட்டிருப்பாரு. ரெண்டரை லட்சம் காப்பி வித்து லேபிளுக்கு 7,10,000 டாலர், பேண்டுல ஆளுக்கு 4,031 டாலர் 25 சென்ட், அதுக்கு செவன் லெவன் கடைல நின்னிருந்தா மூணு மடங்கு கிடைச்சிருக்கும்னு முடிப்பாரு. பேண்டு காசுல பங்கு எடுக்கற அந்தக் கூட்டத்துல தானும் ஒரு ஆளா கை நீட்டக்கூடாதுன்னுதான் ராயல்டி வேண்டாம்னாரு. நிர்வானாக்கு எழுதின லெட்டர்லயே பிளம்பருக்குக் குடுக்கற மாதிரி வேலைக்கு உண்டான கூலி குடுங்க போதும்னு சொல்லியிருப்பாரு. ப்ரொட்யூசர்னு பேர் போட்டாலே அவருக்குப் பிடிக்காது, ரெக்கார்ட் பண்ணவர்னு போட்டா சரி.

மைக்_ஸ்டாண்ட்:
டிரம்ஸ் பத்தி கேட்டீங்கள்ல, நானும் இதே வேலைதான் அதனால சொல்றேன். எல்லாரும் டிரம்முக்குப் பக்கத்துல மைக்க வச்சுட்டு எக்கோவ அப்புறமா மெஷின்ல சேர்ப்பாங்க, இவரு பக்கத்துலயும் வைப்பாரு, தள்ளி ரூம் தரையிலயும் வைப்பாரு, அந்தத் தரை மைக் சத்தத்த மட்டும் ஒரு துளி லேட்டாக்கி விடுவாரு, அவ்ளோதான் ரூமே பெருசான மாதிரி ஆயிடும். 1993 பிப்ரவரில மினசோட்டால பேக்கிடெர்ம் ஸ்டுடியோல 'இன் யுட்டரோ'வ ரெண்டே வாரத்துல முடிச்சாங்க. எதிரொலி நல்லா இருக்குன்னு சில பாட்டுக்கு நிர்வானா டிரம்மர் டேவ் க்ரோலோட டிரம்செட்ட சமையல்கட்டுலயே தூக்கி வச்சாங்களாம், நம்ம வீட்டுல செஞ்சா அம்மா கரண்டியோட வந்துருவாங்க. கடைசி வரைக்கும் டேப்தான், கம்ப்யூட்டர் ஃபைல் பத்து வருஷத்துல திறக்காமப் போகும், டேப் போகாதும்பாரு.

ஒத்த_கம்பி:
எல்லாம் சரி, ஆனா மகான் ஆக்கிடாதீங்க. அவரோட பழைய பேண்டு பிக் பிளாக்குக்கு அப்புறம் ஆரம்பிச்ச பேண்டோட பேர இங்க டைப் பண்ணவே கூசுது, அதெல்லாம் கலகம்னு ரொம்ப வருஷம் திரிஞ்சாரு. 2021ல தானாவே ட்விட்டர்ல வந்து, நான் சொன்னது செஞ்சது நிறைய மட்டமானது, சொகுசா உக்காந்துக்கிட்டு பேசிட்டேன்னு ஒத்துக்கிட்டாரு. வெள்ளைக்காரப் பசங்க ராக் உலகத்துல இத சொன்னவங்க ரொம்பக் கம்மி, அந்த மரியாதை உண்டு. அதுக்காக பழசு இல்லாமப் போயிடாது.

வினைல்_மாமா:
@ஒத்த_கம்பி நியாயம்தான். ராயல்டிய விட்டாரே தவிர சீட்டாட்டத்துல விடல பாருங்க, வேர்ல்டு சீரிஸ் ஆஃப் போக்கர்ல 2018லயும் 2022லயும் ஜெயிச்சாரு, ரெண்டாவதுல மட்டும் 1,96,089 டாலர். சிகாகோல எலக்ட்ரிக்கல் ஆடியோனு சொந்த ஸ்டுடியோ வச்சிருந்தாரு, பேர் தெரியாத பேண்டு கூப்பிட்டாலும் வேலை செய்வாரு. 61 வயசுல அங்கயேதான் ஹார்ட் அட்டாக்.

பழைய_கேசட்:
ஐயோ. சரி, அடுத்து எத கேக்கலாம்?

மைக்_ஸ்டாண்ட்:
பிக்ஸீஸ்ங்கற பேண்டோட 'சர்ஃபர் ரோசா' ஆல்பம், 1988, அவர் ரெக்கார்ட் பண்ணதுதான். அதுக்கு அவர் வாங்கினது வெறும் 1,500 டாலர். அப்புறம் அவரோட சொந்த பேண்டு ஷெல்லாக், கடைசி ஆல்பம் அவர் போய் பத்தாம் நாள் வந்துச்சு. ஸ்பீக்கர்ல போடுங்க, ஹெட்போன் வேண்டாம்.