ஜிப்ஸி கிங் 1998: பட்டையும் ஷாக்கும் வீட்டிலேயே மாற்றுவது எப்படி?

கோத்தகிரி_ஜிப்ஸி:
வணக்கம். 1998 மாருதி ஜிப்ஸி கிங், எம்ஜி413டபிள்யூ மாடல். நாலு பக்கமும் கம்பெனிப் பட்டைதான் (லீஃப் ஸ்பிரிங்). பள்ளத்தில் இறங்கினால் பின்பக்கம் தூக்கிப் போடுகிறது. டிரைவர் பக்கம் 20 மி.மீ. தாழ்ந்து நிற்கிறது. 50 மி.மீ. உயரம் கூட்டும் பாராபோலிக் பட்டை, கேஸ் ஷாக் அப்சார்பர், நீள சாக்கிள் (பட்டை முனையைச் சேஸிஸோடு சேர்க்கும் ஆடும் இணைப்பு) எல்லாம் சேர்ந்த கிட் ஒன்று பார்த்து வைத்திருக்கிறேன். டிராலி ஜாக்கி, ஸ்டாண்டு 4, டார்க் ரெஞ்ச், கிரைண்டர் இருக்கிறது. தரை சிமென்ட். எந்த வரிசையில் கழற்றுவது? எந்த போல்ட் படுத்தும்? மாற்றினால் ஸ்டீயரிங் ஆடும் என்கிறார்களே, ஏன்?

சாக்கிள்பின்:
முதலில் அந்த நீள சாக்கிளை கிட்டிலிருந்து எடுத்துவிடச் சொல்லுங்கள். ஜிப்ஸியில் முன்பட்டையின் சாக்கிள் முன்முனையில் இருக்கிறது. அதை 50 மி.மீ. நீட்டினால் வண்டி 25 மி.மீ.தான் ஏறும், ஆனால் பட்டை மூக்கு கவிழ்ந்து ஆக்ஸிலையும் சேர்த்துத் திருப்பிவிடும். ஒரு மீட்டரை ஒட்டிய பட்டையில் ஒரு முனை 50 மி.மீ. இறங்கினால் ஏறத்தாழ 3 டிகிரி. அத்தனையும் காஸ்டரில், அதாவது ஸ்டீயரிங் அச்சின் பின்சாய்வில், குறையும். திருப்பிய ஸ்டீயரிங் தானாக நேருக்கு வராது, வேகத்தில் வண்டி அலையும். நீங்கள் கேள்விப்பட்ட ஆட்டத்துக்குப் பெரும்பாலும் இதுதான் காரணம். உயரத்தைப் பட்டையின் வளைவிலேயே வாங்குங்கள், சாக்கிள் பழைய நீளமே போதும்.

பட்டையை ஆக்ஸிலோடு கட்டும் யூ போல்ட், பட்டைக்கு 2 வீதம் 8, நட்டு 16, எல்லாம் புதிது. பழையதை மறுபடி போடவே கூடாது. ஒருமுறை இறுகி இழுபட்ட மரை இரண்டாவது தடவை பிடிமானம் தராது. புஷ் (பட்டைக் கண்ணுக்குள் இருக்கும் ரப்பர்), சாக்கிள் பின்னும் புதிது.

வேலைக்கு இரண்டு நாள் முன்பே காலை மாலை எல்லா நட்டிலும் துரு இளக்கும் ஆயில் அடித்துவிடுங்கள். பின்பக்கத்தில் ஆரம்பியுங்கள், அங்கே ஸ்டீயரிங் தொல்லை இல்லை. முன்சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை வையுங்கள். பின்பக்கம் தூக்கிவிட்டால் ஹேண்ட் பிரேக் எதையும் பிடிக்காது. சேஸிஸுக்குக் கீழே இரண்டு ஸ்டாண்டு, ஆக்ஸிலுக்குக் கீழே ஜாக்கி. ஷாக்கைக் கழற்றி, பட்டையின் விசை தளரும்வரை ஜாக்கியை மெதுவாக இறக்குங்கள். கண்ணை பிரேக் ஹோஸ் மேலேயே வைத்திருங்கள், அது விறைத்தால் உடனே நிறுத்துங்கள். பிறகு யூ போல்ட், கடைசியில் சாக்கிளும், பட்டையின் மறுமுனையைச் சேஸிஸில் பிடிக்கும் நிலைமுனை போல்ட்டும். ஒரு பக்கம் முடித்துவிட்டு மறுபக்கம் போங்கள். இரண்டையும் சேர்த்துக் கழற்றினால் ஆக்ஸில் ஜாக்கி மேல் உருண்டுவிடும்.

படுத்தப்போவது நிலைமுனை போல்ட். நட்டு கழன்றுவிடும், போல்ட் வராது. தலையில் ஸ்பேனர் போட்டுக் கால் சுற்று திருப்பிவிட்டுக் கையை எடுங்கள். போல்ட் தானாகப் பழைய இடத்துக்குத் திரும்பினால், தண்டு புஷ்ஷுக்குள் துருவேறி ஒட்டிக்கிடக்கிறது, முறுக்கிக்கொள்வது ரப்பர் மட்டும்தான் என்று அர்த்தம். அதன்பின் சுத்தியலால் எவ்வளவு அடித்தாலும் மரைதான் கெடும். பட்டைக் கண்ணுக்கும் பிராக்கெட்டுக்கும் நடுவே உள்ள இடுக்கில் ஹாக்ஸா பிளேடை விட்டு இரண்டு பக்கமும் அறுத்துவிடுங்கள். கேஸ் வைத்துச் சூடாக்க வேண்டாம். ரப்பர் எரியும், பெட்ரோல் டேங்க்கும் பின்பக்கம்தான் இருக்கிறது.

ஏற்றும்போது, பட்டைகளைக் கோத்திருக்கும் சென்டர் போல்ட்டின் தலை ஆக்ஸில் மேடையின் துளைக்குள் முழுதாக உட்கார்ந்ததா என்று விரலால் தடவிப் பாருங்கள். ஓரத்தில் ஏறி நின்றால் ஆக்ஸில் கோணலாக இறுகிவிடும். யூ போல்ட் நட்டுகளைக் குறுக்காக, கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள், நாலிலும் வெளியே தெரியும் மரை சமமாக இருக்க வேண்டும். முடிந்ததும் முன் ஹப் மையத்திலிருந்து பின் ஹப் மையம் வரை இரண்டு பக்கமும் டேப் பிடியுங்கள். இந்த வண்டியின் வீல்பேஸ் 2375 மி.மீ. இரண்டு பக்கத்துக்கும் 3 மி.மீ.க்கு மேல் வித்தியாசம் வந்தால் மறுபடி தளர்த்திப் பாருங்கள்.

இன்னொன்று: சாக்கிள், நிலைமுனை நட்டுகளைச் சக்கரம் தொங்கும்போது இறுக்கவே இறுக்காதீர்கள். கையால் திருகி விட்டு, வண்டியைத் தரையில் இறக்கி, முன்னும் பின்னும் உருட்டி, நாலு பேர் ஏறிக் குலுக்கிய பிறகுதான் மேனுவலில் சொன்ன டார்க். தொங்கும் நிலையில் இறுக்கினால் ரப்பர் எப்போதும் முறுக்கிய நிலையிலேயே நிற்கும், சவாரி கட்டையாகும், சில மாதங்களில் புஷ் கிழியும். 100 கி.மீ. ஓடியதும் யூ போல்ட்களை மறுபடி பாருங்கள், 500-இல் இன்னொரு தடவை.

மூணாவதுபட்டை:
தூக்கிப் போடுவதற்கு உயரம் மருந்தல்ல. பழைய பட்டைகள் துருவால் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருக்கும். சின்னப் பள்ளத்தில் பட்டை அசையாது, வண்டியே குதிக்கும். செலவைக் குறைக்க நினைத்தால் பட்டைகளைத் தனித்தனியாகப் பிரித்துக் கம்பி பிரஷ் போட்டு, முனைகளுக்கு நடுவே நைலான் துண்டு வைத்து, தாழ்ந்த பக்கத்துக்குப் பட்டறையில் வளைவு ஏற்றினாலே பெரிய மாற்றம் தெரியும். வளைவு ஏற்றிய பழைய பட்டை கொஞ்ச நாளில் மறுபடி தொய்யும், அதையும் கணக்கில் வையுங்கள்.

பாராபோலிக்கில் பட்டைகள் முனையிலும் நடுவிலும் மட்டும்தான் தொடுகின்றன. உராய்வு குறைவு என்பதால் மெத்தென்று போகும், ஆனால் ஆட்டத்தை அடக்கும் வேலை முழுதும் ஷாக் தலையில் விழும். எனவே நல்ல ஷாக் கட்டாயம். 50 மி.மீ. கிட் ஷாக் என்று எழுதியிருப்பதை நம்பி வாங்காமல் அளந்து வாங்குங்கள். ஆக்ஸில் மேலே ஏறி பம்ப் ஸ்டாப் என்ற ரப்பர் தடுப்பைத் தொடும்போது ஷாக்கின் மேல், கீழ் மவுண்ட் துளைகளுக்கு நடுவே எவ்வளவு, சக்கரம் முழுதாகத் தொங்கும்போது எவ்வளவு என்று. ஷாக்கின் மூடிய நீளம் முதல் அளவைவிட 15 மி.மீ.யாவது குறைவாக இருக்க வேண்டும்.

கோத்தகிரி_ஜிப்ஸி:
நன்றி, இரண்டு பேருக்கும். பின்பக்கம் அளந்தேன். பம்ப் ஸ்டாப் தொடும்போது 290 மி.மீ., தொங்கும்போது 480. கிட்டில் வரும் ஷாக் மூடினால் 305, விரிந்தால் 500. போடலாமா?

மூணாவதுபட்டை:
அப்படியே போடக்கூடாது. பம்ப் ஸ்டாப்புக்கு 15 மி.மீ. முன்பே ஷாக் உள்ளே முட்டிவிடும், அடி முழுதும் மவுண்ட்டில் விழும், வெல்டிங் பிளக்கும். மூடிய நீளம் 275 உள்ளதைத் தேடுங்கள். கிடைக்காவிட்டால் பம்ப் ஸ்டாப்புக்கு மேல் 30 மி.மீ. இரும்புக் கட்டை வைத்து 290-ஐ 320 ஆக்குங்கள். வண்டி 50 ஏறுவதால், 30 போனாலும் மேல்நோக்கிய அசைவு இப்போதைவிட 20 மி.மீ. கூடுதலாகவே இருக்கும். அந்த 290 பட்டை மாறினாலும் மாறாது. 480 மாறும், புதுப் பட்டை ஏற்றிய பிறகு திரும்ப அளக்க வேண்டும். அந்த அளவில் ஷாக் முழுதாக விரிந்துவிடாமல் 10 மி.மீ.யாவது மிச்சம் இருக்கட்டும். பிரேக் ஹோஸும் ஆக்ஸிலின் காற்றுப்போக்கியான பிரீதர் குழாயும் அந்த நிலையிலும் தளர்வாக இருக்க வேண்டும், இல்லையென்றால் நீள ஹோஸ் போட்டு பிரேக்கில் ஏர் எடுங்கள்.

டிராக்லிங்க்:
முன்பக்கம் முடிந்ததும் ஸ்டீயரிங் வீல் கோணலாக நிற்கும். பயப்பட வேண்டாம். வண்டி ஏறியதில், ஸ்டீயரிங் பாக்ஸிலிருந்து சக்கரப் பக்கம் போகும் ராடான டிராக் லிங்க்கின் சாய்வு கூடிவிட்டது, அவ்வளவுதான். அதன் இரண்டு லாக் நட்டையும் தளர்த்தி ராடைத் திருகி நேராக்குங்கள். ஸ்டீயரிங் வீலைக் கழற்றி வேறு பல்லில் மாட்டுவது தவறு, ஸ்டீயரிங் பாக்ஸ் மையம் விலகிவிடும். காம்பரும் (சக்கரத்தின் பக்கச்சாய்வு) காஸ்டரும் இந்த ஆக்ஸிலில் திருகி மாற்றுகிற சமாச்சாரமல்ல, டோ-இன் (முன்சக்கரங்கள் உள்நோக்கித் திரும்பியிருக்கும் அளவு) மட்டும் சரிபார்த்தால் போதும். அதற்குப் பிறகும் 60 கி.மீ. வேகத்தில் முன்சக்கரம் உதறினால் சக்கரம் திரும்பும் அச்சான கிங்பின்னின் பேரிங் தேய்மானத்தைப் பாருங்கள். புதுப் பட்டை அந்த நோயை உண்டாக்காது, வெளியே காட்டிக்கொடுக்கும்.

பின் பிரேக்குக்கு எல்.எஸ்.பி.வி. வால்வும் (பாரத்துக்கு ஏற்பப் பின் பிரேக்கைக் கூட்டிக் குறைப்பது) ஆக்ஸிலோடு சேர்ந்த கம்பியும் இருந்தால் அதையும் சரிசெய்ய வேண்டும். உயரம் கூடினால் வண்டி காலி என்று எடுத்துக்கொண்டு வால்வு பின் பிரேக்கைக் குறைத்துவிடும்.

98 வண்டி என்பதால் ஆர்.சி. புதுப்பிக்கும் பரிசோதனை 5 ஆண்டுக்கு ஒருமுறை வரும். மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவு கம்பெனி வடிவத்திலிருந்து மாற்றுவதைத் தடுக்கிறது. கம்பெனி உயரத்திலேயே வரும் பாராபோலிக் செட் கிடைத்தால் அதையே எடுங்கள். எஸ்டேட் பாதைக்கு அது தாராளம், காஸ்டர், ஹோஸ், டிராக் லிங்க் தொல்லை ஒன்றுமே வராது.