ரூஸ்வெல்ட் அவென்யூ ஸ்டேஷன்: எந்தப் பக்கம் வீடு பார்க்கலாம்?

கேள்வி: அடுத்த மாதம் நியூயார்க் வருகிறோம், வேலை மன்ஹாட்டனில். குவீன்ஸில் ஜாக்சன் ஹைட்ஸ், எல்ம்ஹர்ஸ்ட் இரண்டிலும் வீடு பார்த்து வைத்திருக்கிறேன். இரண்டுக்கும் ஒரே ஸ்டேஷன்தானாமே? அம்மாவும் கூட வருகிறார், தூக்கம் லேசு.

பதில் 1: ஆமாம், ஒரே ஸ்டேஷன்தான். 7-ஆம் எண் ரயில் தலைக்கு மேலே இரும்புப் பாலத்தில் ஓடும். ஈ, எஃப், எம், ஆர் ரயில்கள் நான்கும் பூமிக்கடியில். பாலத்தை ஒட்டி மட்டும் வீடு எடுக்காதீர்கள். நான் முதல் வருடம் அங்கேதான் இருந்தேன். ரயில் வந்தால் போனில் பேச்சை நிறுத்தி, அது போகும்வரை காத்திருந்து, விட்ட வாக்கியத்தை மறுபடி தொடங்க வேண்டும். ராத்திரியும் ஓடும். வடக்கே ஜாக்சன் ஹைட்ஸ் பக்கம் இரண்டு மூன்று தெரு தள்ளிப் போனாலே சத்தம் அடங்கிவிடும். நடுவில் தோட்டம் வைத்துக் கட்டிய பழைய செங்கல் குடியிருப்புகள் அந்தப் பக்கம்தான். தெற்கே போனால் எல்ம்ஹர்ஸ்ட்.

பதில் 2: அம்மாவுக்குக் கோயில் வேண்டுமே! 7-ல் ஏறி ஃப்ளஷிங் மெயின் ஸ்ட்ரீட்டில் இறங்கினால் பவுன் தெருவில் பிள்ளையார் கோயில். கடைசி ஸ்டேஷன், தவறவிட முடியாது. அடித்தளத்தில் தோசை கிடைக்கும்.

பதில் 3: ஆபீஸுக்கு ஈ ரயிலைப் பிடியுங்கள், அது எக்ஸ்பிரஸ். ஆர் ஒவ்வொரு ஸ்டேஷனிலும் நிற்கும். லகார்டியா விமான நிலையத்துக்கு ஸ்டேஷன் வாசலிலேயே க்யூ70 பஸ் இருக்கிறது.

கேட்டவர்: சரி, வடக்குப் பக்கமே பார்க்கிறேன். அம்மாவிடம் தோசையைச் சொல்லிவிட்டேன், ரயில் சத்தத்தைச் சொல்லவில்லை.