பேட்டரி மாத்தியும் அதே கதை: லேப்டாப் சார்ஜ் சீக்கிரம் இறங்குறதுல பட்ட அனுபவம் சொல்லுங்க

என் கதைய மொதல்ல சொல்லிடுறேன், சிரிக்கிறவங்க சிரிச்சுக்கலாம். ரெண்டு வருஷ லேப்டாப், வாங்குன புதுசுல நாலு மணி நேரம் தாராளமா நிக்கும், போன மார்ச்ல இருந்து ஒரு மணி பத்து நிமிஷம் தாண்டல. கரண்ட் போச்சுன்னா மீட்டிங் பாதில நான் காணாம போயிடுவேன். வீட்டுக்குப் பக்கத்து சர்வீஸ் கடைல கொடுத்தேன், அவர் மூடியக் கூட கழட்டல, "பேட்டரி போயிடுச்சு சார், 4,800 ஆகும்"னாரு. சரின்னு மாத்தியாச்சு. வீட்டுக்கு வந்து சார்ஜ் ஏத்தி ஆசையா உக்காந்தா ஒன்னேகால் மணி தாண்டி பத்து நிமிஷத்துல ஆஃப். அதாவது 15 நிமிஷம் கூடுதலா கெடச்சுது, நிமிஷத்துக்கு 320 ரூபா!

அப்புறம் தங்கச்சி பையன் லீவுக்கு வந்தவன், "மாமா, தொட்டி சின்னதாயிடுச்சா, குழாய் ஒழுகுதான்னு பாக்காம எதுக்கு தொட்டிய மாத்துனீங்க"ன்னு கேட்டான். காலேஜ் ரெண்டாவது வருஷம்தான் படிக்கிறான், கேட்டது சரியான கேள்வி. விண்டோஸ்ல கமாண்ட் ப்ராம்ப்ட் (கமாண்ட் அடிக்கிற கருப்பு ஜன்னல்) தொறந்து பவர்சிஎஃப்ஜி, ஒரு ஸ்பேஸ், ஸ்லாஷ், பேட்டரிரிப்போர்ட்னு (powercfg /batteryreport) அடிச்சான். ஒரு ஃபைல் எங்க சேவ் ஆகுதுன்னு காட்டுது, அத ப்ரவுசர்ல தொறந்தா டிசைன் கெப்பாசிட்டி, ஃபுல் சார்ஜ் கெப்பாசிட்டின்னு ரெண்டு நம்பர் வரும். மொதல் நம்பர் பேட்டரி எவ்வளவு பிடிக்கணும்னு, ரெண்டாவது இன்னைக்கு எவ்வளவு பிடிக்குதுன்னு. பழைய பேட்டரிய திரும்ப மாட்டி பாத்தோம் (கடைக்காரர் கிட்ட இருந்து நல்லவேளை வாங்கி வச்சிருந்தேன்): டிசைன் 41,000, ஃபுல் சார்ஜ் 33,800 மில்லிவாட் ஹவர். கிட்டத்தட்ட 82 சதவீதம். ரெண்டு வருஷத்துக்கு இது நல்ல மார்க்!

அப்ப தொட்டி, அதாவது பேட்டரி, நல்லாத்தான் இருக்கு, குழாய்தான் ஒழுகுது, ஏதோ ஒன்னு கரண்ட குடிக்குது. எச்டபிள்யூஇன்ஃபோன்னு (HWiNFO) மெஷின் உள்ள நடக்குறத அளந்து காட்டுற ஒரு சாப்ட்வேர் போட்டு, சார்ஜர கழட்டிட்டு டிஸ்சார்ஜ் ரேட் (பேட்டரில இருந்து எவ்வளவு வேகமா இறங்குதுன்னு) பாத்தா 29 வாட். நான் ஒன்னுமே பண்ணல, ஒரு பேப்பர் சைட் மட்டும் தொறந்திருக்கு. இந்த மாதிரி மெஷின் சும்மா இருக்கும்போது ஏழெட்டு வாட்தான் குடிக்கணுமாம். என்னென்ன ஓடுதுன்னு காட்டுற டாஸ்க் மேனேஜர்ல ஜிபியு (கிராபிக்ஸ் சிப்) வரிசைய பாத்தப்ப வெளிச்சத்துக்கு வந்துச்சு, எம்பையன் எப்பவோ போட்ட வீடியோ வால்பேப்பர், டெஸ்க்டாப்ல மழை பெய்யுமே அது. அது ஓடுற வரைக்கும் தனி கிராபிக்ஸ் கார்டு தூங்கவே இல்ல. ஸ்டார்ட்அப்ல இருந்து தூக்குனோம், ஸ்க்ரீன் செகண்டுக்கு எத்தன தடவ புதுப்பிக்குதுங்கிறத 144 ஹெர்ட்ஸ்ல இருந்து 60க்கு இறக்குனோம், 9 வாட்டுக்கு வந்துடுச்சு. பழைய பேட்டரியிலயே மூணே முக்கால் மணி நேரம். புது பேட்டரி இப்ப அலமாரில இருக்கு, வீட்டம்மா தினமும் அத பாத்துட்டு என்ன பாக்குறாங்க.

உங்க கதைய போடுங்க.

*

அண்ணா, எனக்கு உங்களுக்கு நேர் எதிர், நான் யூஸ் பண்ணும்போது ஒன்னும் இல்ல, யூஸ் பண்ணாதப்பதான் இறங்கும். ஆபீஸ் லேப்டாப். ராத்திரி நூறு சதவீதத்துல மூடி பேக்ல வச்சு கிளாம்பாக்கத்துல திருச்சி பஸ் ஏறுனேன், மடில வச்ச பேக் சுடுது, மொதல்ல டிஃபன் பாக்ஸ் சூடுன்னு நெனச்சேன், அப்புறம்தான் ஞாபகம் வந்துச்சு அன்னைக்கு நான் டிஃபனே கட்டல. காலைல வீட்ல தொறந்தா 64.

மூடுனா தூங்கிடும்னு நாமதான் நெனச்சுக்கிட்டு இருக்கோம். பவர்சிஎஃப்ஜி ஸ்பேஸ் ஸ்லாஷ் ஏ ன்னு (powercfg /a) அடிச்சா உங்க மெஷின் எந்த வகை தூக்கம்னு சொல்லும். எஸ்3ன்னு இருந்தா பழைய ஆழ்ந்த தூக்கம். எஸ்0 லோ பவர் ஐடில்னு இருந்தா அதான் மாடர்ன் ஸ்டாண்ட்பை, போன் மாதிரி கண்ண மூடிக்கிட்டு காத மட்டும் தொறந்து வச்சிருக்கும், மெயில் வந்தாலும் அரைக்கண்ணு முழிக்கும். எல்லாம் ஒழுங்கா இருந்தா இதுல பெருசா இறங்காது, ஆனா ஏதோ ஒரு ப்ரோக்ராம் முழிச்சே இருந்தா போச்சு. அதே கமாண்ட்ல ஏ-க்கு பதிலா ஸ்லீப்ஸ்டடின்னு (powercfg /sleepstudy) போட்டா கடைசி மூணு நாள் தூக்கத்துல யாரு தொந்தரவு பண்ணான்னு ரிப்போர்ட் வரும். எனக்கு ஆபீஸ்ல போட்ட செக்யூரிட்டி சாப்ட்வேர், அத நான் தொட முடியாது. அதனால மூடி மூடுனா ஹைபர்னேட்னு (தொறந்திருக்குறத டிஸ்க்ல சேவ் பண்ணிட்டு மெஷின் முழுசா அணையுறது) மாத்திட்டேன், தொறக்க கொஞ்சம் கூட நேரம் ஆகுது, ஆகட்டும், பேக் இப்ப ஜில்லுனு இருக்கு.

*

மாசம் ஒரு தடவ சுத்தமா ஜீரோ வரைக்கும் இறக்கி ஏத்துங்க சார், பேட்டரிக்கு எக்சர்சைஸ், எங்க அப்பா காலத்துல இருந்து செய்றோம்.

*

மேல சொன்ன தோழருக்கு: அது அப்பா காலத்து நிக்கல் கேட்மியம் பேட்டரிக்கு. இப்ப இருக்குற லித்தியம் அயனுக்கு அந்த மெமரி பிரச்சினை (பாதிலயே ஏத்தி ஏத்தி அந்த அளவோடயே நின்னுடுறது) இல்ல, ஜீரோவுக்கு அடிக்கடி இறக்குனா தேய்மானம்தான். ஒரே ஒரு நேரம் பலன் உண்டு: 30 சதவீதம் காட்டிட்டு இருக்கும்போதே பொட்டுனு ஆஃப் ஆகுதுன்னா உள்ள இருக்குற மீட்டர் கணக்கு தப்பியிருக்கலாம், ஒரு தடவ ஃபுல்லா ஏத்தி இறக்கி மறுபடி ஏத்துனா மீட்டர் திருந்தும். அப்படியும் திருந்தலன்னா ஒரு செல் வீக்.

நான் ஏமாந்த கதையும் இதுலதான். ஆன்லைன்ல "ஒரிஜினல்"னு போட்டு 1,700க்கு ஒன்னு வாங்குனேன். ரிப்போர்ட்ல டிசைனும் ஃபுல் சார்ஜும் ஒரே நம்பர், சந்தோஷம். ஆறு மாசம் கழிச்சும் ஒரு நம்பர் கூட மாறல, சைக்கிள் கவுண்ட் (எத்தன தடவ முழுசா ஏத்தி இறக்குனோம்ங்கிற கணக்கு) ஜீரோவுலயே நிக்குது, அப்பவே சந்தேகப்பட்டிருக்கணும், தேயாத பேட்டரி உலகத்துல ஏது. பேட்டரி உள்ள இருக்குற சிப்பு எதையும் அளக்கல, மனப்பாடம் பண்ணத ஒப்பிக்குது. 38 சதவீதத்துல ஒருநாள் அணைஞ்சது, அதோட சரி.

*

லினக்ஸ்காரங்க யாராவது இருந்தா: பவர்டாப்னு (PowerTOP) ஒரு ப்ரோக்ராம் போட்டு எவ்வளவு வாட் குடிக்குதுன்னு பாருங்க, டிஎல்பின்னு (TLP) கரண்ட் மிச்சம் பண்ற ப்ரோக்ராம் போட்டுட்டு மறந்துடுங்க. லெனோவோ திங்க்பேட் லேப்டாப்ல சார்ஜ் 75க்கு கீழ போனா ஏத்து, 80ல நிறுத்துன்னு அதுலயே வைக்கலாம். அவ்வளவுதான் என் கதை, சோகம் இல்ல.

*

எங்க வீட்ல நடந்தத சொன்னா பயப்படுவீங்க, ஆனா சொல்லணும். பொண்ணோட லேப்டாப், எப்பவும் சார்ஜர்லயே கெடக்கும், மெத்த மேல வச்சுதான் படிப்பா, மே மாச வெயில், மொட்டைமாடிக்கு கீழ் ரூம். சார்ஜ் சீக்கிரம் இறங்குதுன்னு சொல்லிட்டே இருந்தா, நான் கண்டுக்கல. ஒருநாள் டச்பேட் கிளிக் ஆகலன்னா. பாத்தா டச்பேட் ஒரு ஓரம் மேல தூக்கியிருக்கு, மேசைல வச்சா லேப்டாப் ஒரு கால் குட்டையான நாற்காலி மாதிரி ஆடுது. அவ அத அமுக்கி அமுக்கி கிளிக் பண்ணிட்டு இருந்திருக்கா! கீழ பேட்டரி உப்பி அப்பளம் மாதிரி இருந்துச்சு.

உப்பியிருந்தா உடனே சார்ஜர புடுங்கி ஆஃப் பண்ணிடுங்க, அமுக்காதீங்க, ஊசி கீசி எடுத்து காத்த எறக்குறேன்னு கெளம்பாதீங்க, உள்ள இருக்குறது பத்திக்கும். கழட்டுனத குப்பைத்தொட்டில போடாம சர்வீஸ் சென்டர்ல கொடுங்க. நூறுலயே நாள் பூரா நிக்கிறதும் சூடும் சேந்தா இப்படி ஆகும்னு அங்க இருந்த பையன் சொன்னான். இப்ப லேப்டாப் கம்பெனியோட ஆப்லயே 80ல நிறுத்துற ஆப்ஷன் போட்டுருக்கோம். மெத்தைக்கு பதிலா எங்க மாமியாரோட பழைய மணப்பலகை, அது மேலதான் லேப்டாப்.

*

அக்கா, நீங்க சொன்னதும் போய் அலமாரில இருந்த பேட்டரிய எடுத்து பாத்தேன், உப்பல. ஆனா நான் அத ஃபுல் சார்ஜ்ல கழட்டி வச்சிருக்கேன், பாதி சார்ஜ்ல வைக்கணுமாமே, தங்கச்சி பையன் போன்ல திட்டுறான். ஞாயித்துக்கிழமை மறுபடி மாட்டி 50க்கு இறக்கணும். அதுக்கு அந்த மழை வால்பேப்பர முக்கால் மணி நேரம் ஓட விட்டா போதும்னு எம்பையன் சொல்றான்.