பழைய கொரோலா டீசல்: நின்றால் ஏசி குளிரில்லை, கீழே டீசல் ஈரம்

பரந்தன்காரன்:
வணக்கம். கார் டொயோட்டா கொரோலா 110, 2சி டீசல் இஞ்சின். ஏ9 வீதியில் ஓடும்போது ஏசி நல்ல குளிர். கிளிநொச்சிச் சந்தையடியில் நின்று நின்று போனால் வெக்கைக் காற்றுத்தான். மற்றது டீசல் மணம். காலையில் நெடுநேரம் செல்ஃப் அடித்தால்தான் ஸ்டார்ட் ஆகிறது, காருக்குக் கீழே ஈரமும் இருக்கிறது. கராஜில் ஏசிக்குக் காஸ் அடிக்கவும் டீசல் பம்ப் கழற்றவும் சொல்கிறார்கள். அதற்கு முன் எதைப் பார்க்கலாம்?

வவுனியா அண்ணை:
தம்பி, காஸ் இப்போதைக்கு வேண்டாம். ஓடும்போது குளிர்கிறதென்றால் காஸை அமுக்கும் கொம்பிரசர் வேலை செய்கிறது. நிற்கும்போது கொண்டென்சருக்கு, அதாவது முன்னாலிருந்து காஸின் சூட்டை வெளியேற்றும் தகட்டுப் பெட்டிக்கு, காற்றுப் போகவில்லை போல. ஏசியைப் போட்டதும் முன் ஃபேன் சுற்றுகிறதா பாரும். இல்லையென்றால் ஃபியூஸ், ரிலே, மோட்டர் என்று வரிசையாகப் போம். சுற்றினால் கொண்டென்சர் இடுக்குகளில் செம்புழுதி அப்பியிருக்கும். மெதுவாகத் தண்ணீர் அடியும். பிரஷர் வொஷைக் கிட்டப் பிடித்தால் தகடுகள் மடிந்துவிடும்.

காஸைச் சந்தேகித்தால் கேஜ் (அழுத்தமானி) போட்டுப் பார்க்கச் சொல்லும். 134ஏ என்ற ஏசி காஸுக்கு, இஞ்சின் நிமிடத்துக்கு 1500 சுற்றில் ஓடும்போது, தாழ் அழுத்தப் பக்கம் 1.5–2.5, உயர் அழுத்தப் பக்கம் சதுர சென்ரிமீற்றருக்கு 14–16 கிலோ. எங்கள் வெயிலுக்கு உயர்பக்கம் கொஞ்சம் கூடத்தான் காட்டும். கேஜ் போடாமலே காஸ் அடிக்கும் ஆளிடம் காரை விடாதேயும்.

மாங்குளம் மெக்கானிக்:
முதலில் கீழே விழுவது டீசலா ஏசித் தண்ணீரா என்று பாருங்கள். இரவில் காட்போட் மட்டையை விரித்து வையுங்கள். தண்ணீர் காய்ந்துவிடும், டீசல் பிசுக்காக நிற்கும். டீசல்தான் என்றால் இஞ்சினைக் கழுவித் துடைத்து, சோக்குத் தூள் தூவி ஓட விடுங்கள். எங்கே முதலில் நனைகிறதோ அதுதான் இடம்.

பழைய வண்டிகளில் டீசல் ஃபில்டர் தலையிலுள்ள கைப்பம்ப், மிஞ்சிய டீசல் திரும்பிப் போகும் ரிட்டர்ன் ஹோஸ், டீசல் பம்பின் ஓ ரிங் (ரப்பர் வளையம்) ஆகியவை காய்ந்து கசியும். அதே வழியால் காற்றும் உள்ளே போகலாம், அதுதான் காலைக் கரைச்சல். ஃபில்டருக்கும் பம்புக்கும் நடுவே உள்ளே தெரியும் பிளாஸ்டிக் ஹோஸ் போட்டால் குமிழி தெரியும். குமிழி இல்லையென்றால் ஸ்டார்ட்டுக்கு முன் இஞ்சினைச் சூடாக்கும் க்ளோ பிளக்குகளைப் பாருங்கள். இஞ்சின் ஓடும்போது இன்ஜெக்டர் பைப்பை விரலால் தடவவே கூடாது; பீறும் டீசல் தோலைத் துளைக்கும்.

டைமிங் கவர் ஓரம் ஈரமா? அப்படியென்றால் கசிவது பம்பின் சாஃப்ட் சீல் (சுழலும் தண்டைச் சுற்றிய ரப்பர்). டீசல் பட்டால் கவருக்குள் இருக்கும் டைமிங் பெல்ட்டின் ரப்பர் ஊறிவிடும். அறுந்தால் வால்வும் பிஸ்டனும் இடிக்கும். அதற்கு மட்டும் உடனே பம்பைக் கழற்ற வேண்டும்.

பரந்தன்காரன்:
மிக்க நன்றி. டைமிங் கவர் காய்ந்துதான் இருக்கிறது. கைப்பம்பின் அடி நனைந்திருக்கிறது. ஃபேன் சுற்றவேயில்லை, பற்றரியில் நேரே தொட்டும் அசைவில்லை.

மாங்குளம் மெக்கானிக்:
அப்ப பம்பைக் கழற்ற வேண்டாம். ஃபில்டர் தலையை முழுதாக மாற்றுங்கள், சீல் மட்டும் போட்டால் பிறகும் கசியும். மாற்றியபின் கைப்பம்பை இறுகும்வரை அடித்துக் காற்றை எடுத்துவிட்டு ஸ்டார்ட் பண்ணுங்கள். ஃபேன் மோட்டர் பழைய பாகக் கடையில் கிடைக்கும். வாங்கமுன் அங்கேயே பற்றரியில் தொட்டுப் பாருங்கள். டீசல் பட்டிருந்தால் ஏசி பெல்ட்டையும் மாற்றிவிடுங்கள், ஊறினது வழுக்கும்.