யூகே போற நம்ம மலைப் பசங்களுக்கு: பெட்டிய பாதி காலி பண்ணுங்க, மிச்சத்த சாரிட்டி ஷாப்ல பாத்துக்கலாம்

எல்லாருக்கும் வணக்கம். நான் குன்னூர், பெட்ஃபோர்டு பக்கம். நர்ஸ் வேலைக்கு யூகே போயி பதினோரு வருஷம் ஆச்சு, இப்ப அம்மாவ பாக்க ஒரு மாச லீவுல வந்திருக்கேன். வந்த நாள்ல இருந்து வீட்டுக்கு ஆள் வந்துட்டே இருக்காங்க, கட்டபெட்டுல இருந்து செப்டம்பர்ல எம்எஸ்சி படிக்க போற பொண்ணு ஒண்ணு, அருவங்காட்டுல இருந்து கைக்குழந்தையோட கெளம்புற ஒரு ஜோடி, எல்லாரும் கேக்குறது ஒண்ணுதான், அக்கா பெட்டில என்னென்ன எடுத்து வைக்கணும்னு. பெட்டில பாதிய காலி பண்ணு, அங்க போயி சாரிட்டி ஷாப்ல (ஜனங்க தானமா குடுக்குற பழைய துணி, சாமான நல்ல காரியத்துக்காக விக்கிற கடை) வாங்கிக்கோன்னு நான் சொன்னதும் அந்த கட்டபெட்டு பொண்ணோட அம்மாவுக்கு முகமே மாறிடுச்சு. "ஊரான் போட்டு கழிச்ச துணியா கண்ணு, எம்பொண்ணுக்கு அந்த நெலம எல்லாம் வேண்டாம்"னு சொல்லிட்டு டீய கூட முழுசா குடிக்கல. அவங்களுக்கு அன்னைக்கு சொல்ல முடியாம போனத எல்லாம் சேர்த்துதான் இங்க எழுதுறேன், கொஞ்சம் நீளமா போகும், பொறுத்துக்கோங்க.

மொத அந்த கூச்சத்த பத்தி பேசிடுறேன் ஏன்னா காசு வீணாகுறது அதுலதான். என் வீட்டுக்காரரும் மொத வருஷம் அப்படித்தான், செத்தவங்க கோட்டா இருக்கும், நான் தொடமாட்டேன்னுட்டார். அது பொய்யின்னு நான் சொல்ல மாட்டேன். அங்க வர்ற துணில கொஞ்சம் இறந்தவங்களோடதுதான். அந்த வீட்டு ஆளுங்க அத தொவைச்சு மடிச்சு பைல போட்டு கொண்டாந்து குடுக்குறாங்க, அது வித்து வர்ற காசு இன்னொருத்தருக்கு போகட்டும்னு. அங்க ஹாஸ்பிஸ்னு ஒண்ணு இருக்கு, கடைசி காலத்துல இருக்குற நோயாளிங்கள வலி தெரியாம பாத்துக்குற எடம், நோயாளிகிட்டயும் குடும்பத்துகிட்டயும் பில்லு வாங்க மாட்டாங்க. அரசாங்க பணம் கொஞ்சம்தான் வரும், மிச்சம் பெரும்பாலும் ஜனங்க குடுக்குற நன்கொடையும் இந்த கடை வருமானமும்தான். எங்க வார்டுல இருந்து ஹாஸ்பிஸுக்கு அனுப்பி வச்சவங்கள நான் பாத்திருக்கேன், அதனால அந்த கடைக்குள்ள நுழையும்போது எனக்கு கூச்சம் வர்றதில்ல. அங்க டாக்டரும் வாங்குவாங்க, வாத்தியாரும் வாங்குவாங்க, ஒருத்தரும் ஒருத்தர ஏற எறங்க பாக்க மாட்டாங்க.

எந்த ஊர் கடைத்தெருவுக்கு போனாலும் நாலஞ்சு கடை வரிசையா இருக்கும். ஆக்ஸ்ஃபாம் (1942ல பஞ்ச நிவாரணத்துக்காக ஆக்ஸ்ஃபோர்டுல ஆரம்பிச்சது), பிரிட்டிஷ் ஹார்ட் ஃபவுண்டேஷன், கேன்சர் ரிசர்ச், பர்னார்டோஸ், ஏஜ் யூகே, அப்பறம் அந்தந்த ஊர் ஹாஸ்பிஸ் கடை. என் அனுபவத்துல ஹாஸ்பிஸ் கடைலதான் வெல கம்மியா இருக்கு, பெரிய பேருள்ள கடைங்க நல்ல பிராண்டு வந்தா அதுக்கு தகுந்த வெலய போட்டுடுறாங்க.

இப்ப துணி. நம்ம ஊட்டில பொட்டானிக்கல் கார்டன் பக்கம் திபெத்தியன் மார்க்கெட்ல நாலு ஸ்வெட்டர் வாங்கி பெட்டில அமுக்கிட்டு வர்றாங்க எல்லாரும். அது தப்பில்ல, ஒண்ணு ரெண்டு போதும். நம்ம குளிர் வேற அந்த குளிர் வேற. இங்க டிசம்பர்ல விடிகாலைல புல்லு மேல வெள்ளையா பனி கெடக்கும் ஆனா பதினோரு மணிக்கு வெயில் சுள்ளுன்னு அடிக்கும், அங்க டிசம்பர்ல சாயங்காலம் நாலு மணிக்கே இருட்டிடும், நாள் முழுக்க காத்தும் தூறலும். ஆள சாய்க்கிறது அந்த காத்தும் ஈரமும்தான். ஸ்வெட்டருக்குள்ள காத்து சல்லடை மாதிரி பூந்து வரும், அதனால மேல போட ஒரு நல்ல கோட்டும் மழை தாங்குற ஜாக்கெட்டும் வேணும், இது ரெண்டையும் இங்கிருந்து வாங்கிட்டு போறது வீண் செலவு, வீண் வெயிட்டு.

கோட்டு எடுத்தா மொத உள்ள தைச்சிருக்க லேபிள பாருங்க. நான் மொத வருஷம் தடிமனா இருக்கேன்னு ஒரு கோட்ட 15 பவுண்டுக்கு வாங்கிட்டேன், அது முழுக்க அக்ரிலிக்னு ஒரு செயற்கை நூல், பஸ் ஸ்டாப்புல பத்து நிமிஷம் நிக்க முடியல. வுல் எழுபது பர்சன்ட்டுக்கு மேல இருந்தா எடுங்க. அப்பறம் வெளிச்சத்துக்கு நேரா தூக்கி புடிச்சு பாருங்க, பொட்டு பொட்டா ஓட்டை தெரிஞ்சா அந்துப்பூச்சி அரிச்சிருக்குன்னு அர்த்தம், காலருக்கு அடிலயும் அக்குள் பக்கமும் கண்டிப்பா பாக்கணும். அப்பறம் கிட்ட கொண்டு போயி மோந்து பாருங்க. நம்மாளுங்களுக்கு இத சொல்லித்தரவே வேண்டாம், மழைக்காலத்துல பீரோவ தொறந்தா ஒரு பூசண வாசம் வருமே அதேதான், அந்த வாசம் லைனிங்ல ஏறிட்டா போகவே போகாது, எவ்ளோ நல்ல கோட்டா இருந்தாலும் வச்சுட்டு வந்துடுங்க. வாங்கிட்டு வந்த கம்பளி துணிய பிளாஸ்டிக் கவர்ல கட்டி ரெண்டு வாரம் ஃப்ரீசர்ல வச்சுடுங்க, பூச்சி முட்டை இருந்தா செத்துடும். அப்பறம் ஸ்வெட்டர் மாதிரி துணின்னா பச்சத்தண்ணில கைல அலசி தட்டையா பரப்பி காய வைக்கணும், மெஷின்ல சூடா போட்டா குழந்தை சட்டை சைஸுக்கு சுருங்கிடும்.

மழை ஜாக்கெட்டுல உள்பக்கம் தடவி பாருங்க, பொடி பொடியா உரிஞ்சு கைல ஒட்டுனா அது தண்ணிய நிறுத்தாது. தையல் மேல உள்ள டேப் ஒட்டியிருக்கணும், ஜிப் ரெண்டு தடவ ஏத்தி எறக்கி பாருங்க.

எங்க அம்மா நாப்பது வருஷமா ஸ்வெட்டர் பின்னுறவங்க, அவங்ககிட்ட கத்துக்கிட்டது ஒண்ணு சொல்றேன், வீட்ல பின்னத் தெரிஞ்சவங்க இருந்தா உங்களுக்கு உதவும். பெரிய சைஸ் ப்யூர் வுல் ஸ்வெட்டர் அங்க நாலஞ்சு பவுண்டுக்கு கெடைக்கும், அத பிரிச்சா நல்ல நூல் வரும். ஆனா உள்பக்கம் தையல பாத்துதான் வாங்கணும், ஓரம் வெட்டி ஓவர்லாக் அடிச்சிருந்தா பிரிக்கும்போது நூல் துண்டு துண்டா வரும், ஓரம் முழுசா பின்னி சேர்த்து தைச்சதா இருந்தா ஒரே இழையா கண்டு சுத்தலாம். போன தடவ நான் கொண்டாந்த ஒரு ஸ்வெட்டர பிரிச்சு அம்மா அண்ணன் பையனுக்கு ரெண்டு பின்னிட்டாங்க.

ஷூ வாங்குறவங்களுக்கு ஒரு வசதி, நம்ம ஊர் ஷூ நம்பரும் யூகே நம்பரும் ஒண்ணுதான். ரொம்ப வருஷம் சும்மா கெடந்த ஷூ பளபளன்னு இருக்கும் ஆனா சோல் உள்ளுக்குள்ள பொடிஞ்சு போயிருக்கும், கைல நல்லா வளைச்சு பாத்துட்டு எடுங்க.

சமையல் சாமானுக்கு வர்றேன், இதுலதான் பெட்டி வெயிட்டு ஏறுது. தட்டு, கிண்ணம், கரண்டி, பைரெக்ஸ் பாத்திரம் எல்லாம் அங்க ஒரு பவுண்டு, மூணு பவுண்டுக்கு கெடைக்கும், ஒண்ணும் தூக்கிட்டு போகாதீங்க. இங்கிருந்து கண்டிப்பா எடுத்துட்டு போக வேண்டியது குக்கரும் மிக்சியும் இட்லி தட்டும்தான், அது அங்க சாரிட்டி ஷாப்புக்கு வர்றது அபூர்வம். கரண்டு அங்கயும் 230 வோல்ட்டு, நம்ம மிக்சி ஓடும், மூணு பட்டை முள்ளு பிளக்குக்கு அடாப்டர் மட்டும் வேணும். ஆனா ஒண்ணு, நிறைய வீட்ல இப்ப இண்டக்ஷன் அடுப்பு, வெறும் அலுமினியம் குக்கரு அதுல சூடாகாது, அடில இரும்பு கலந்த ஸ்டீல் குக்கரா பாத்து வாங்கிட்டு போங்க. கடைல சட்டி எடுக்கும்போதும் இதே சோதனைதான், ஃப்ரிட்ஜ்ல ஒட்டுற காந்தம் ஒண்ண பர்ஸ்ல போட்டுக்கோங்க, சட்டிக்கு அடில வச்சு பாருங்க, கப்புன்னு ஒட்டுனா எடுக்கலாம். நான்ஸ்டிக்ல கீறல் இருந்தா தொடாதீங்க.

கெட்டில், டோஸ்டர் மாதிரி கரண்டு சாமான் எல்லா கடைலயும் இருக்காது, டெஸ்ட் பண்ணி ஸ்டிக்கர் ஒட்டுன கடைலதான் வாங்கணும். பிரிட்டிஷ் ஹார்ட் ஃபவுண்டேஷனுக்கு சோபா, கட்டில், வாஷிங் மெஷினுக்குன்னே தனி பெரிய கடைங்க இருக்கு, வீட்டுக்கே கொண்டாந்து குடுப்பாங்க, அதுக்கு தனி காசு. சோபா வாங்குனா அடில தீ பாதுகாப்பு லேபிள் தைச்சிருக்கான்னு பாருங்க. 1988ல இருந்தே அதுக்கு சட்டம் இருக்கு, லேபிள் இல்லாத சோபாவ சாரிட்டி கடைங்க பொதுவா விக்க மாட்டாங்க, நீங்க பின்னாடி அவங்களுக்கு குடுத்தாலும் வாங்க மாட்டாங்க, அதனால அந்த லேபிள எந்த காரணத்துக்கும் வெட்டிடாதீங்க.

அருவங்காட்டு தம்பி கேட்டது குழந்தையோட கார் சீட். அத மட்டும் பழசு வாங்கவே கூடாது தம்பி. ஒரு தடவ ஆக்சிடன்ட்ல அடி வாங்குன சீட்டு வெளிய பாத்தா தெரியாது, உள்ள விரிசல் இருக்கலாம். குழந்தைக்கு 12 வயசு ஆகுற வரைக்கும், இல்ல 135 செண்டிமீட்டர் உசரம் வர்ற வரைக்கும் கார்ல சீட்டு வேணும்னு அங்க சட்டம், காசு போனாலும் புதுசா வாங்கு. ஹெல்மெட்டுக்கும் அதே கதைதான். மெத்தையும் வேண்டாம், மூட்டைப்பூச்சி ஒரு தடவ வீட்டுக்குள்ள வந்துட்டா விரட்டுறதுக்குள்ள புது மெத்தை விலைய விட அதிகம் செலவாகும். தலகாணி, குளிருக்கு போத்துற டுவே புதுசே மலிவா கெடைக்குது. குழந்தை துணி, கதை புஸ்தகம், பொம்மை இதெல்லாம் தாராளமா வாங்குங்க, ரெண்டு மாசம் கூட போடாத துணி கட்டு கட்டா வரும்.

எப்ப போறது, எங்க போறதுன்னா, வசதியானவங்க இருக்குற ஏரியாவுக்கு ஒரு பஸ் ஏறி போங்க, அங்க குடுக்குற பொருளே தரமா இருக்கும். யுனிவர்சிட்டி இருக்குற ஊர்ல ஜூன் ஜூலைல பசங்க ரூம காலி பண்ணும்போது சட்டி பானை எல்லாம் மொத்தமா குடுத்துட்டு போவாங்க, செப்டம்பர்ல புது பசங்க வரும்போது நிறைய எடத்துல ஸ்டூடண்ட் யூனியனே அத மலிவா விக்கும், கட்டபெட்டு தங்கச்சி, நீ போன மொத வாரமே அத விசாரி. ஞாயித்துக்கிழமை நிறைய கடை மூடியிருக்கும். ஒரே நாள்ல எல்லாம் கெடைக்காது, வாரத்துக்கு ஒரு தடவ அந்த பக்கமா போகும்போது எட்டிப் பாக்குறதுதான் வழி.

பேரம் பேசாதீங்க. நம்ம மார்க்கெட்ல கேக்குற பழக்கம் வாய்ல வந்துடும், ஆனா அங்க கவுண்டர்ல நிக்கிறவங்க பாதிப் பேர் சம்பளமே வாங்காத வயசானவங்க, அந்த காசு ஒரு நல்ல காரியத்துக்கு போகுது. பேரம் பேசணும்னா ஞாயித்துக்கிழமை காலைல மைதானத்துல கார் பூட் சேல்னு போடுவாங்க, ஜனங்க கார் டிக்கில பழைய சாமான வச்சு அவங்களே விப்பாங்க, அங்க தாராளமா பேசலாம்.

உங்க பழைய சாமான நீங்க குடுக்கும்போது கிஃப்ட் எய்டுல கையெழுத்து போடுறீங்களான்னு கேப்பாங்க. நீங்க வரி கட்டுறவங்களா இருந்தா போடுங்க, பொருள் வித்த ஒவ்வொரு பவுண்டுக்கும் அரசாங்கம் இன்னொரு 25 பென்ஸ் அவங்களுக்கு குடுக்கும். வரி கட்டாத ஸ்டூடண்ட் போடக்கூடாது, அந்த வரிய பின்னாடி உங்ககிட்டயே கேக்கலாம். கடை மூடுன பின்னாடி வாசல்ல பைய வச்சுட்டு வர்றதும் வேண்டாம், மழைல நனைஞ்சு எல்லாம் குப்பைக்குத்தான் போகும்.

அந்த கடைங்கள்ல சும்மா வேலை செய்யவும் ஆள் தேடுவாங்க. இங்கிலீஷ் பேச பழக அத விட நல்ல எடம் நான் பாக்கல, ஊர்க்காரங்க பேசுற வேகமும் உச்சரிப்பும் எனக்கு புரிய ஆரம்பிச்சதே சனிக்கிழமை சனிக்கிழமை அப்படி ஒரு கடைல நின்னப்பதான். ஆனா ஸ்டூடண்ட் விசால சில வகை சம்பளமில்லாத வேலையும் வாராந்திர மணி நேர கணக்குல சேரும், அதனால யுனிவர்சிட்டி ஆபீஸ்ல கேட்டுட்டு சேருங்க.

என் வீட்டுக்காரர் விஷயம் பாதில விட்டுட்டேன். ரெண்டாவது வருஷம் ஜனவரில நைட் ஷிஃப்ட் முடிச்சு நனைஞ்சுட்டு வந்து மூணு நாள் காய்ச்சல்ல கெடந்தார். நான் ஒண்ணும் பேசல, ஹாஸ்பிஸ் கடைல 12 பவுண்டுக்கு கருநீல வுல் கோட்டு ஒண்ணு எடுத்துட்டு வந்து கதவுக்கு பின்னாடி மாட்டி வச்சேன். ஒரு வாரம் அப்படியே தொங்குச்சு. எட்டாவது நாள் காலைல பாத்தா ஆணில கோட்டு இல்ல, அவரும் வேலைக்கு போயிட்டார். இந்த லீவுக்கும் அதத்தான் கைல போட்டுட்டு வந்தார், நேத்து காலைல தொட்டபெட்டாவுக்கு போட்டுட்டு போனார்.

வர்ற ஞாயிறு வரைக்கும் குன்னூர்லதான் இருப்பேன். கட்டபெட்டு அம்மாகிட்ட யாராவது இத படிச்சு காட்டுங்க, பொண்ணோட பெட்டிய ஒரு தடவ என்கிட்ட கொண்டு வரச் சொல்லுங்க, ஒக்காந்து சேர்ந்தே அடுக்கலாம்.