வால்வு பேஸ் ஆம்பில் ஒரு ரியூப் மட்டும் சிவக்கிறது, உதவி தேவை

அண்ணாமார், தம்பிமார், வணக்கம். நான் கொக்குவில். ரொறன்ரோ மச்சான் அனுப்பிய 100 வாட் வால்வு பேஸ் ஹெட் (பேஸ் கிற்றாருக்கான ஆம்ப், ஸ்பீக்கர் பெட்டி தனி) ஒன்று வைத்திருக்கிறேன். நான்கு 6எல்6ஜிசி பவர் ரியூப் (வால்வு). 120 வோல்ற் மொடல் என்பதால் 500 வாட் ஸ்ரெப்-டவுன் ரான்ஸ்போமரில் ஓடுகிறது. பெட்டியில் நான்கு 10 அங்குல ஸ்பீக்கர், 8 ஓம்.

மூன்று வாரத்துக்கு முன் கோயில் திருவிழா மேடையில், 20 நிமிடம் போனதும் கரை ரியூப்பின் பிளேற் (உள்ளே இருக்கும் உலோகத் தகடு) கொள்ளிக்கட்டை போலச் சிவந்தது. தடித்த நரம்பின் சத்தம் கிழிந்தது, இரைச்சல் கூடியது. உடனே நிறுத்திவிட்டேன்.

ஹெட்டுக்கும் பெட்டிக்கும் இடையில் இவ்வளவு நாளும் கிற்றார் வயர்தான் போட்டிருந்தேன் (ஸ்பீக்கருக்கு ஆகாத மெல்லிய வயர், சிரிக்கலாம்). இப்போது தடித்த ஸ்பீக்கர் வயர். பெட்டி மல்ரிமீற்றரில் 6 ஓம் காட்டுகிறது; 8 ஓம் பெட்டி மீற்றரில் கொஞ்சம் குறைத்துத்தான் காட்டும், சரிதான். ஹெட்டின் ஓம் சுவிச்சும் 8 ஓமில். ரான்ஸ்போமர் 118 வோல்ற் தருகிறது.

ரியூப்களை இடம் மாற்றிப் பார்த்தேன். சிவந்தது பக்கத்து சொக்கற்றில் ஒழுங்காக வேலை செய்கிறது. நல்லது இங்கே வந்தால் சிவக்கிறது. கப்ளிங் கப்பாசிற்றர் (பவர் ரியூப்புக்குச் சிக்னலைக் கொடுப்பது) லீக் என்றால் அந்தப் பக்கத்து இரண்டு ரியூப்புமே சிவக்க வேண்டுமே?

ரவுணில் கேட்டால் "ரியூப்பா? இப்ப அது ஆர் தம்பி செய்யிறது" என்கிறார்கள். கண்ணாடிச் சாமானைக் கொழும்புக்கு ரயிலில் ஏற்ற மனமில்லை. ஆம்பை நிறுத்திய பின்னும் பில்ரர் கப்பாசிற்றரில் 400 வோல்ற்றுக்கு மேல் நிற்கும் என்று தெரியும், டிஸ்சார்ஜ் பண்ணவும் தெரியும்.

ரியூப்களைக் கழற்றிவிட்டு, அந்த சொக்கற்றின் 5ஆம் பின்னில் நெகற்றிவ் பயஸ் (ரியூப்பில் ஓடும் கரண்டைக் கட்டுப்படுத்தும் மைனஸ் வோல்ற்) வருகிறதா என்று அளப்பதுதான் முதல் வேலையா, அல்லது அதற்கு முன் வேறு எதையாவது பார்க்க வேண்டுமா?