கோயில் காணிக்கைக்கென்று கைப்பிடி அரிசி இன்னும் எடுத்து வைக்கிறீர்களா?

நாசரேத்துக்காரி:
எங்கள் பக்கத்து சி.எஸ்.ஐ. கிறிஸ்தவ வீடுகளில் வளர்ந்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. போன மாதம் அம்மா சென்னைக்கு வந்திருந்தாள். வந்த அன்றே பழைய ஹார்லிக்ஸ் பாட்டிலைக் கழுவிக் காயவைத்து, உலைக்கு அளந்த அரிசியில் ஒரு பிடியை அதில் போட ஆரம்பித்துவிட்டாள். “இங்க கோயில்ல அரிசியெல்லாம் வாங்க மாட்டாவம்மா, நான் மாசாமாசம் ஜிபேயில அனுப்பிருதேன்” என்றேன். பதில் இல்லை. ஒரு ராத்திரி திடீரென்று நாலு பேர் சாப்பிட வந்துவிட்டார்கள். அரிசி பற்றவில்லை, பாட்டிலைக் கவிழ்த்தேன். அம்மா சோற்றைப் பிசைந்துகொண்டே, “இது நம்ம அரிசி இல்லட்டி” என்றாள். மறுநாள் இரண்டு கிலோ வாங்கி, பாட்டில் நிறையக் கொட்டிக் காட்டினேன். “அது பிடிபிடியால்லா வந்திருக்கணும்” என்றாள். அவ்வளவுதான். ஊருக்குப் போகும்போது பாட்டிலையும் கையோடு கொண்டுபோய்விட்டாள்.

தேரிக்காட்டான்:
அம்மாவைக் குறை சொல்லவில்லை. ஆனால் இதெல்லாம் கடைசியில் ஏலத்துக்குத்தானே வருகிறது? எங்கள் சபை அறுப்பின் பண்டிகை ஏலத்தில், ஒரு பாட்டி காணிக்கையாகக் கொண்டுவந்த சுரைக்காயை, வளைகுடாவில் வேலைபார்க்கும் இரண்டு பேர் போட்டிபோட்டு 3,000 ரூபாய் வரை ஏற்றினார்கள். ஒரே கைதட்டல். அடுத்து வந்த வாழைப்பழச் சீப்புக்குப் பாட்டி “இருவது” என்றாள். உடனே பின்னாலிருந்து “ஐந்நூறு!” முந்தானையிலிருந்து அவிழ்த்த நோட்டை அவள் திரும்ப முடிந்துகொண்டாள். வேதத்தில் வரும், இரண்டு காசு காணிக்கை போட்ட ஏழை விதவைதான் அன்றைக்குப் போதகர் ஐயர் பிரசங்கம்.

செவ்வாய்க்கிழமை:
நாங்கள் ஆர்.சி., அரிசிப் பழக்கம் தெரியாது. அந்தோணியார் கோவில் வாசலில் நேர்ச்சை ரொட்டி கொடுத்துக்கொண்டிருந்தேன். ஒரு பெரியவர் வாங்கி, பாதியைப் பிய்த்து, “நீயும் சாப்பிடும்மா” என்று என்னிடமே நீட்டினார். கை அழுக்காக இருந்தது. வாங்கிப் பையில் வைத்துக்கொண்டேன். சாப்பிடவில்லை. நாலு வருஷம் ஆகிறது.

ஓய்வுபெற்ற வாத்தியார்:
தேரிக்காட்டான் தம்பி, ஏலத்தை இளக்காரமாகப் பேச வேண்டாம். எங்கள் கோவிலுக்கு ஓடு மாற்றியது ஏலப் பணத்தில்தான். கைப்பிடி அரிசியும் சின்ன விஷயமில்லை. மிசோரத்தில் 1910-இல் பெண்கள் தொடங்கிய இதே பழக்கத்தால் அங்குள்ள பிரஸ்பிட்டேரியன் சபைக்கு இன்று வருடத்துக்குக் கோடிக்கணக்கில் சேருகிறது. நம் வெள்ளாளன்விளையில் பிறந்து 1912-இல் தெலுங்கு நாட்டுத் தோர்ணக்கல்லுக்குப் பேராயரான அசரியா, ஏழைச் சபையும் கொடுத்தே வளர வேண்டும் என்று நின்றவர். சகோதரிக்கு ஒன்று சொல்கிறேன்: வேறு பாட்டில் வாங்குங்கள். நாலு காய்ந்த மிளகாய் போட்டுவையுங்கள், வண்டு வராது. மாதக் கடைசியில் எடைபோட்டு, அதற்கான விலையைக் காணிக்கைக் கவரில் வைத்துவிட்டு, அரிசியை உங்கள் வாட்ச்மேன் வீட்டுக்குக் கொடுங்கள். பெயர் சொல்லாமல் கொடுங்கள், மத்தேயு 6:3 பாருங்கள். புழுங்கல் அரிசியே நல்லது, பச்சரிசி சீக்கிரம் கெடும். சிறுவயதில் நான் அம்மாவின் டப்பாவிலிருந்து அரிசி திருடிச் சேவு வாங்கித் தின்றிருக்கிறேன்.

தேரிக்காட்டான்:
ஓடு சரி ஐயா. பாட்டிக்குப் பழம்?

நாசரேத்துக்காரி:
வாத்தியார் ஐயா, வண்டு பற்றி நான் கேட்கவே இல்லையே. நேற்று அரிசி அளக்கும்போது கை தானாக ஒரு பிடி எடுத்துவிட்டது. போட பாட்டில் இல்லை. கொஞ்ச நேரம் அப்படியே நின்றுவிட்டு, திரும்ப உலையிலேயே போட்டுவிட்டேன்.